ஆப்லெட் ஏன் திறக்க மாட்டேன் என்கிறது?

பக்கம் முழுதும் வந்துவிடும். தலைப்பு, படங்கள், விளக்கம் எல்லாம் சரியாக இருக்கும். நடுவில் மட்டும் ஒரு சாம்பல் நிறச் சதுரம், அல்லது வெறும் வெள்ளை இடம், அல்லது ‘இந்தப் பிளகினுக்கு ஆதரவு இல்லை’ என்று ஒரு வரி. பழைய இயற்பியல் பாடப் பக்கங்களிலும், அலுவலகத்துப் பழைய சர்வர்களின் நிர்வாகப் பக்கங்களிலும் இன்றும் கண்ணில் படுகிற காட்சி இது. அந்த இடத்தில் வந்திருக்க வேண்டியது ஒரு ஜாவா ஆப்லெட், அதாவது இணையப் பக்கத்துக்குள்ளேயே ஓடும்படி ஜாவா மொழியில் எழுதிய சிறு நிரல்.

இதைப் பார்த்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். ஜாவாவை இறக்கி இன்ஸ்டால் செய்கிறார்கள், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்கிறார்கள். மறுபடியும் அதே சதுரம். அப்புறம் அந்த ஜாவாவை நீக்கிவிட்டு அதைவிடப் புதிய ஜாவா. அப்போதும் அதே சதுரம். ஆப்லெட் ஒன்று திரையில் தெரிவதற்கு முன் வரிசையாகச் சில கட்டங்களைத் தாண்டி வருகிறது. எந்தக் கட்டத்தில் நின்றுபோனது என்று தெரியாமல் எதைச் சரிசெய்தாலும் வீண்வேலை. இன்று பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுகிறது. அந்தக் கட்டத்துக்கும் நீங்கள் இன்ஸ்டால் செய்த ஜாவாவுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆப்லெட் வரும் வழி

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995 மே மாதம் ஜாவாவை அறிவித்தபோது உலகத்தின் கண்ணை இழுத்தவை ஆப்லெட்டுகள்தான். அன்றைய இணையப் பக்கம் எழுத்தும் படமுமாக அசையாமல் கிடக்கும். அதற்குள் சுழலும் மூலக்கூறு, ஆடும் பெண்டுலம், சுட்டியால் இழுத்து மாற்றக்கூடிய வரைபடம் எல்லாம் வந்தால் எப்படி இருக்கும்! சன் தன் சொந்த பிரவுசரான ஹாட்ஜாவாவில் இதைக் காட்டியது. அடுத்த ஆண்டே நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 வழியாக ஆப்லெட் பொதுமக்களிடம் வந்து சேர்ந்தது.

உள்ளே நடப்பது இதுதான். பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லில் ‘ஆப்லெட்’ என்று ஒரு டேக் இருக்கும். எந்த கிளாஸ் கோப்பை (ஜாவா ஓட்டும்படி கம்பைல் செய்து வைத்த நிரல்) ஓட்ட வேண்டும், அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது, எந்த ஜார் கோப்புக்குள் (பல கிளாஸ் கோப்புகளைக் கட்டிய மூட்டை) கட்டி வைத்திருக்கிறது, எத்தனை பிக்சல் அகலம், எத்தனை உயரம் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். பிரவுசருக்கு ஜாவா தெரியாது. சொன்ன அகல உயரத்தில் ஒரு காலிச் சதுரத்தை ஒதுக்கிவிட்டு, ‘இனி உன் பாடு’ என்று பிளகினிடம், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் துணை மென்பொருளிடம், ஒப்படைத்துவிடும். பிளகின் ஜாவா இயந்திரத்தைக் கிளப்பும். அந்த இயந்திரம் தானே சர்வருக்குப் போய் கிளாஸ் கோப்பையோ ஜார் கோப்பையோ இறக்கும். அதில் யாருடைய கையொப்பம் இருக்கிறது, என்ன அனுமதி கேட்கிறது என்று பார்க்கும். எல்லாம் திருப்தி என்றால்தான் நிரலை ஓடவிடும்.

ஆக, சாம்பல் சதுரம் ஒரு தகவலைச் சொல்கிறது: பிரவுசர் தன் பங்குக்கு இடம் ஒதுக்கிவிட்டது, அதற்குப் பிறகு யாரோ வரவில்லை. வராதவர் யார் என்பதுதான் கேள்வி.

பிரவுசர்கள் கைவிட்ட கதை

பிரவுசரும் பிளகினும் பேசிக்கொள்ள ஒரு வழிமுறை இருந்தது. நெட்ஸ்கேப் காலத்தில் உருவானது, பெயர் என்பிஏபிஐ. ஜாவா, ஃபிளாஷ், சில்வர்லைட் எல்லாம் இதன் வழியாகத்தான் குரோமுக்குள்ளும் ஃபயர்பாக்ஸுக்குள்ளும் நுழைந்தன. இப்படி நுழைந்த பிளகின், கம்ப்யூட்டரில் நீங்கள் எதையெல்லாம் செய்ய முடியுமோ அதையெல்லாம் தானும் செய்யலாம். ஆப்லெட்டை, வெளியே எதையும் தொட முடியாத ஒரு மணல்தொட்டிக்குள் அடைத்து வைப்பதாக ஜாவா சொன்னது உண்மைதான். ஆனால் அந்தத் தொட்டியில் ஓட்டை விழுந்துகொண்டே இருந்தது. 2013 ஜனவரியில் வெளிப்பட்ட ஓர் ஓட்டை அவ்வளவு மோசமாக இருந்ததால், அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே பிரவுசரில் ஜாவாவை அணைத்து வையுங்கள் என்று மக்களுக்கு அறிவுரை சொன்னது.

அதே ஆண்டு செப்டம்பரில் குரோம், என்பிஏபிஐயைப் படிப்படியாகக் கைவிடப் போவதாக அறிவித்தது. 2015 ஏப்ரலில் வந்த குரோம் 42 அதை அணைத்தே வைத்திருந்தது. வேண்டுமானால் உள்ளே போய் இயக்கிக்கொள்ளலாம் என்ற சலுகையும் அதே ஆண்டு செப்டம்பரில், குரோம் 45இல் போய்விட்டது. ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சில், 52ஆம் பதிப்பில், ஃபிளாஷைத் தவிர மற்ற பிளகின்களை நிறுத்தியது. சஃபாரி 2018இல். மைக்ரோசாஃப்ட் எட்ஜ் பிறந்ததிலிருந்தே இவற்றைச் சேர்த்துக்கொண்டதில்லை. ஆப்பிள், ஆண்ட்ராய்டு போன்களின் பிரவுசர்களில் ஜாவா ஆப்லெட் எக்காலத்திலும் ஓடியதில்லை. கடைசிவரை தாங்கி நின்றது இன்டர்நெட் எக்ஸ்புளோரர். அது பயன்படுத்தியது ஆக்டிவ்எக்ஸ் என்ற வேறு வழி. அதையும் 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் ஓய்வுக்கு அனுப்பிவிட்டது.

சன் நிறுவனத்தை 2010இல் வாங்கிய ஆரக்கிளும் எதிர்நீச்சல் போடவில்லை. 2017இல் வந்த ஜாவா 9 ஆப்லெட்டை ‘இனி பயன்படுத்தாதீர்கள்’ பட்டியலில் சேர்த்தது. 2018இல் வந்த ஜாவா 11இல் பிரவுசர் பிளகினே கிடையாது. அதாவது ஜாவா 17, 21 என்று புதிதாக எதை இன்ஸ்டால் செய்தாலும், பிரவுசருக்குள் போய் உட்காரும் பாகம் அந்தப் பொதிக்குள் இல்லை. டெமுரின், கரெட்டோ போன்ற இலவச ஓப்பன்ஜேடிகே (ஜாவாவின் திறந்த மூல வடிவம்) பொதிகளில் ஜாவா 8 என்றே எழுதியிருந்தாலும் அந்தப் பாகம் இருக்காது. ஆரக்கிளின் சொந்த ஜாவா 8இல்தான் உண்டு.

விளக்கு எரியவில்லை என்று பல்பை மாற்றி மாற்றிப் பார்க்கிறோம், சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டையே எடுத்துவிட்டுப் பூசி மெழுகிவிட்டார்கள். இன்றைய குரோமில் ஆப்லெட்டின் நிலைமை அதுதான். அமைப்புகளுக்குள் எங்கே தேடினாலும் அதை இயக்கும் பொத்தான் கிடைக்காது. ‘குரோமில் ஜாவாவை இயக்குவது எப்படி’ என்று இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பலவும் 2015க்கு முந்தையவை, அல்லது ஜாவாஸ்கிரிப்டை ஜாவா என்று குழப்பிக்கொண்டவை.

இந்தக் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். ஜாவாஸ்கிரிப்ட் வேறு, ஜாவா வேறு. முதலாவது நெட்ஸ்கேப்பில் பிறந்து, லைவ்ஸ்கிரிப்ட் என்ற பெயரில் வெளிவந்து, ஜாவாவின் புகழ் உச்சத்தில் இருந்த 1995 டிசம்பரில் பெயர் மாற்றிக்கொண்டது. பிரவுசர் அமைப்புகளில் ஜாவாஸ்கிரிப்டை ஆன் செய்வதால் ஆப்லெட்டுக்கு எந்த லாபமும் இல்லை.

முதலில் மாற்று இருக்கிறதா பாருங்கள்

என் கருத்தில், நோண்ட ஆரம்பிக்கும் முன் செய்ய வேண்டியது இதுதான். கல்விக்காக எழுதப்பட்ட நல்ல ஆப்லெட்டுகளில் பல இப்போது பிளகின் இல்லாமலே ஓடும்படி மாற்றி எழுதப்பட்டுவிட்டன. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாவனையாக்கங்கள் (சிமுலேஷன்கள்), கணிதத்துக்கான ஜியோஜீப்ரா, வால்டர் ஃபென்ட்டின் இயற்பியல் பக்கங்கள் மூன்றும் ஜாவாவில் பிறந்து ஹெச்டிஎம்எல்5க்குக் குடிபெயர்ந்தவை. மின்சுற்றில் மின்னோட்டம் மஞ்சள் புள்ளிகளாக ஓடுவதைக் காட்டும் பால் ஃபால்ஸ்டாடின் சர்க்யூட் சிமுலேட்டரும் அப்படித்தான். ஒரு காலத்தில் ஆப்லெட், இன்று போனிலேயே ஓடுகிறது. உங்கள் பழைய பக்கத்தில் ஆப்லெட்டின் பெயரும் ஆசிரியர் பெயரும் இருந்தால் அந்தப் பெயர்களோடு ‘ஹெச்டிஎம்எல்5’ என்று சேர்த்துத் தேடுங்கள். ஃபெட்டில் பல பாவனையாக்கங்கள் தமிழிலேயே இருக்கின்றன என்பது கூடுதல் லாபம்.

மாற்று கிடைக்கவில்லையா? சீர்ப்ஜே என்று ஒன்று இருக்கிறது. ஜாவா இயந்திரத்தையே வெப்அசெம்பிளியாகவும் (பிரவுசர் நேரே ஓட்டக்கூடிய ஒரு நிரல் வடிவம்) ஜாவாஸ்கிரிப்டாகவும் மாற்றி, பிரவுசருக்கு உள்ளேயே ஓட வைக்கும் கருவி. அதன் ஆப்லெட் ரன்னர் என்ற எக்ஸ்டென்ஷனை குரோமிலோ எட்ஜிலோ சேர்த்துவிட்டுப் பழைய பக்கத்தைத் திறந்தால், ஜாவா எதுவும் இன்ஸ்டால் செய்யாமலே பல ஆப்லெட்டுகள் எழுந்து உட்காருகின்றன. ஃபெட் கூட இன்னும் மாற்றி எழுதாத பழைய ஜாவா பாவனையாக்கங்களை இதன் துணையோடுதான் ஓட்டுகிறது. பெண்டுலம் ஆட்டுவதற்கும் வரைபடம் வரைவதற்கும் இது தாராளம். டிஜிட்டல் கையொப்பத்துக்காக உங்கள் கம்ப்யூட்டரில் செருகிய யுஎஸ்பி டோக்கனைத் தொட வேண்டிய ஆப்லெட்டுக்கு உதவாது.

அந்த டோக்கன் விவகாரம் இந்தியாவில் பலருக்கும் பழக்கமானது. அரசு மின்-டெண்டர் தளங்களில் ஒப்பந்ததாரர்கள் டிஜிட்டல் கையொப்பம் போட ஒரு காலத்தில் ஜாவா ஆப்லெட்தான் நடுவே நின்றது. டெண்டர் கடைசி நாளில் ஜாவா பதிப்பு ஒத்துவராமல் பிரவுசிங் சென்டரில் வியர்த்து நின்றவர்கள் பலர். பிற்பாடு கையொப்பத்துக்கென்று தனியாக ஒரு சிறு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ளும் முறை வந்தது. உங்களுக்கு நிற்பது இப்படிப்பட்ட தளம் என்றால், ஆப்லெட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். தளத்தின் உதவிப் பகுதியில் அந்தச் சிறு மென்பொருளின் இணைப்பைத் தேடுங்கள்.

ஓட்டியே ஆக வேண்டும் என்றால்

சில இடங்களில் வேறு வழி இருக்காது. பத்து வருடப் பழைய சர்வரின் ரிமோட் கன்சோல் (தொலைவிலிருந்து சர்வரை இயக்கும் திரை), ஒரு தொழிற்சாலைக் கருவியின் அமைப்புப் பக்கம் இப்படி. விண்டோஸில் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி, எட்ஜ் பிரவுசரின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பயன்முறையும் ஆரக்கிளின் ஜாவா 8உம். அந்தப் பயன்முறையை 2029 வரையாவது வைத்திருப்பதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. எட்ஜ் அமைப்புகளில் ‘டிஃபால்ட் பிரவுசர்’ பகுதிக்குப் போய் அனுமதியை இயக்கி, வேண்டிய முகவரியைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இந்தச் சேர்க்கைக்கு 30 நாள்தான் ஆயுள். போன மாதம் ஓடிய பக்கம் இந்த மாதம் ஓடவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அலுவலகக் கம்ப்யூட்டர் என்றால் உரிமத்தையும் கவனியுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து வந்த ஆரக்கிள் ஜாவா 8 அப்டேட்டுகள் சொந்தப் பயன்பாட்டுக்குத்தான் இலவசம். நிறுவனத்துக்குக் காசு.

ஜாவாவைப் போட்ட பிறகும் பிளகின் தெரியவில்லை என்றால் 32, 64 பிட் விவகாரத்தைப் பாருங்கள். 32 பிட் பிரவுசருக்கு 32 பிட் ஜாவாதான் கண்ணில் படும். விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் டேபுகள் வழக்கமாக 32 பிட்டில் ஓடியவை. இரண்டு ஜாவாவையும் ஒன்றாக வைத்துக்கொள்ளத் தடை இல்லை. அடுத்து, கன்ட்ரோல் பேனலில் ஜாவாவைத் திறந்து ‘செக்யூரிட்டி’ டேபில், பிரவுசரில் ஜாவாவை அனுமதிக்கும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு டிக் போய்விட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் நடக்காது.

இனி ஜாவாவின் சொந்தக் காவல். ‘பாதுகாப்பு அமைப்புகள் இந்த அப்ளிகேஷனைத் தடுத்துவிட்டன’ என்று ஒரு பெட்டி வந்தால் சந்தோஷப்படுங்கள். பிரவுசரும் பிளகினும் வேலை செய்கின்றன, ஆப்லெட் வாசல்வரை வந்துவிட்டது என்று அர்த்தம். 2014 ஜனவரியில் வந்த ஜாவா 7 அப்டேட் 51இலிருந்து, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் சான்றிதழால் கையொப்பமிடாத ஆப்லெட்டுகளை ஜாவா வழக்கமாக விடுவதில்லை. தானே தனக்குக் கையொப்பமிட்டதும் செல்லாது. அதோடு என்ன அனுமதி வேண்டும் என்பதை ஜார் கோப்பின் மேனிஃபெஸ்ட்டில் (அதற்குள் இருக்கும் விவரக் கோப்பு) எழுதி வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் அன்றுதான் வந்தது. இதனால் அதுவரை நன்றாக ஓடிய ஆயிரக்கணக்கான பக்கங்கள் ஒரே அப்டேட்டில் படுத்துவிட்டன. 

இதற்குத் தப்பும் வழியையும் ஆரக்கிளே கொடுத்தது. அதே செக்யூரிட்டி டேபில் ‘எக்ஸெப்ஷன் சைட் லிஸ்ட்’ என்ற பட்டியல் இருக்கிறது. நீங்கள் நம்பும் முகவரியை அதில் சேர்க்கலாம். பலர் தடுமாறுவது இங்கேதான். முகவரியை முழுதாக எழுத வேண்டும். ஹெச்டிடிபியா ஹெச்டிடிபிஎஸ்ஸா என்பது முக்கியம். பக்கம் 8080 போன்ற தனி போர்ட்டில் இருந்தால் அந்த எண்ணும் வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் வேறு தளமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

பட்டியலில் சேர்த்தும் தடை நீங்காத பழைய ஆப்லெட்டுகளும் உண்டு. எம்டி5 என்ற பழைய முறையில் கையொப்பமிட்ட ஜார் கோப்புகளை 2017 ஏப்ரலிலிருந்து ஜாவா கையொப்பமே இல்லாதவையாக நடத்துகிறது. கையொப்பமிட்ட நேரத்தை முத்திரையாகச் சேர்க்காமல் விட்டிருந்தால், சான்றிதழ் காலாவதியான நாளோடு அந்தக் கையொப்பமும் காலாவதி. பழைய கருவிகளில் இன்னொன்று: கருவிக்குள் இருக்கும் குட்டி வெப் சர்வருக்குத் தெரிந்தது, பாதுகாப்பான இணைப்புக்கான பழைய முறையான டிஎல்எஸ் 1.0 மட்டும். 2021 ஏப்ரலில் வந்த ஜாவா 8 அப்டேட் 291 அதை அணைத்துவிட்டது. பக்கம் திறக்கும், ஆப்லெட் மட்டும் ‘ஹேண்ட்ஷேக்’ என்ற சொல் வரும் பிழையோடு நின்றுவிடும். பக்கத்தை இறக்குவது பிரவுசர், ஆப்லெட்டை இறக்குவது ஜாவா. இரண்டும் தனித்தனியாகக் கைகுலுக்குகின்றன என்பதை மறந்தால் இந்தப் பிழை புரியவே புரியாது.

கன்சோலைத் திறந்து படியுங்கள்

ஜாவா ஓடத் தொடங்கிவிட்டது, ஆனாலும் ஆப்லெட் வரவில்லை என்றால், இனி ஊகிக்க வேண்டியதே இல்லை. ஜாவா கன்ட்ரோல் பேனலின் ‘அட்வான்ஸ்ட்’ டேபில் கன்சோலைக் காட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தை மறுபடி திறங்கள். தனியாக ஒரு ஜன்னல் வந்து, நடப்பதையெல்லாம் வரிவரியாக எழுதும். பிழை வந்தால் முப்பது நாற்பது வரி கொட்டும். பயப்பட வேண்டாம். முதல் வரியையும், ‘காஸ்ட் பை’ என்று தொடங்கும் வரி இருந்தால் அதையும் படித்தால் போதும்.

‘கிளாஸ் நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால் கோப்பு சொன்ன இடத்தில் இல்லை. பக்கத்தை வேறு சர்வருக்கு மாற்றியவர்கள் கிளாஸ் கோப்புகளை மறந்திருக்கலாம். இல்லையென்றால் எழுத்துச் சிக்கல். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ‘கிளாக்’ என்ற கோப்பின் ஆங்கிலப் பெயரைப் பெரிய ‘சி’யில் எழுதினாலும் சின்ன ‘சி’யில் எழுதினாலும் ஒன்றுதான். லினக்ஸ் சர்வருக்கு அவை இரண்டு வேறு கோப்புகள். வீட்டில் ஓடிய ஆப்லெட் தளத்தில் ஏற்றியதும் ஓடவில்லை என்ற புகாரை இந்த ஒரு விஷயம் எத்தனையோ முறை கிளப்பியிருக்கிறது.

இதன் மாறுவேடம் ஒன்று உண்டு, எனக்குப் பிடித்தமான பிழை அது. ‘கிளாஸ் ஃபார்மட் எரர், இன்கம்பாட்டிபிள் மேஜிக் வேல்யூ 1008813135’ என்று வரும். பார்த்தால் கோப்பு பழுதாகிவிட்டது போலத் தோன்றும். நடந்தது வேறு. எல்லா ஜாவா கிளாஸ் கோப்புகளும் ஒரே நான்கு பைட்டுகளோடுதான் தொடங்க வேண்டும். பதினாறடிமான எண்ணில் எழுதினால் ‘கேஃப் பேப்’ என்று ஆங்கிலத்தில் வாசிக்கலாம், ஜாவாவை எழுதியவர்களின் குறும்பு. சாதாரண எண்ணில் அது 3405691582. உங்களுக்கு வந்த 1008813135ஐ நான்கு பைட்டுகளாகப் பிரித்தால் 60, 33, 68, 79 கிடைக்கும். இவற்றை எழுத்துகளாக மாற்றினால் ‘சிறியது’ குறி, ஆச்சரியக்குறி, டி, ஓ. ஒரு ஹெச்டிஎம்எல் பக்கத்தின் முதல் வரியில் வரும் ‘டாக்டைப்’ அறிவிப்பின் தொடக்கம்! அதாவது ஜாவா கிளாஸ் கோப்பைக் கேட்டிருக்கிறது, சர்வரோ ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று அழகான ஒரு 404 பக்கத்தைக் கையில் கொடுத்திருக்கிறது. ஜாவா அந்தப் பக்கத்தையே நிரல் என்று நினைத்து வாசிக்கப் பார்த்து விழித்திருக்கிறது. எண் 1013478509 என்றாலும் கதை அதேதான், இந்தமுறை பக்கம் ‘ஹெச்டிஎம்எல்’ டேகோடு நேரே தொடங்கியிருக்கிறது. லாகின் காலாவதியாகி, கோப்புக்குப் பதில் லாகின் பக்கம் வந்தாலும் இதே பிழை வரும். ஆகவே கோப்பைத் திரும்பக் கம்பைல் செய்ய ஓடாதீர்கள். கிளாஸ் கோப்பின் முழு முகவரியைப் பிரவுசரில் தட்டிப் பாருங்கள். கோப்பு இறங்குகிறதா, பக்கம் ஒன்று திறக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்’ என்பது எளிது. புதிய ஜாவாவில் கம்பைல் செய்ததைப் பழைய ஜாவாவில் ஓட்டப் பார்க்கிறீர்கள். பிழையில் ஓர் எண் வரும். 50 என்றால் ஜாவா 6, 51 என்றால் 7, 52 என்றால் 8, 55 என்றால் 11. நிரல் உங்களுடையது என்றால் கம்பைலருக்கு ‘ரிலீஸ் 8’ என்று சொல்லித் திரும்பக் கம்பைல் செய்தால் தீர்ந்தது.

‘ஆக்சஸ் டினைட்’ என்று வந்தால் ஆப்லெட் ஓடுகிறது, மணல்தொட்டியைத் தாண்டப் பார்த்து அடி வாங்கியிருக்கிறது. கையொப்பமில்லாத ஆப்லெட் உங்கள் வட்டில் இருக்கும் கோப்புகளைப் படிக்கக் கூடாது. தான் வந்த சர்வரைத் தவிர வேறு சர்வரோடு பேசவும் கூடாது.

சர்வரில் கோப்பை மாற்றிய பிறகும் பழைய பிழையே வருகிறதா? கன்ட்ரோலும் எஃப்5உம் அழுத்திப் பயனில்லை. அது பிரவுசரின் சேமிப்பைத்தான் புதுப்பிக்கும். ஜாவாவுக்குத் தனிச் சேமிப்பு இருக்கிறது. கன்ட்ரோல் பேனலின் ‘ஜெனரல்’ டேபில் தற்காலிகக் கோப்புகளை அழியுங்கள். அல்லது கன்சோல் ஜன்னலில் ‘எக்ஸ்’ எழுத்தை அழுத்துங்கள், ஏற்றி வைத்திருந்த கிளாஸ்களை அது மறந்துவிடும்.

பாடத்துக்காக எழுதுகிறவர்களுக்கு

நம் ஊர்க் கல்லூரிகளின் ஜாவா ஆய்வகத்தில் ஆப்லெட் பயிற்சி நெடுங்காலம் நீடித்தது. இன்றும் ரெக்கார்டு நோட்டில் அதை எழுத வேண்டியவர்கள் இருக்கலாம். உங்களுக்குப் பிரவுசரே தேவையில்லை. ஜாவா 8 ஜேடிகேயில் (நிரல் எழுதுகிறவர்களுக்கான ஜாவா பொதி) ஆப்லெட்வியூவர் என்று ஒரு கருவி இருக்கிறது. நிரல் கோப்பின் மேலேயே ஒரு கமென்ட்டுக்குள் ஆப்லெட் டேகை எழுதிவிட்டு, கம்பைல் செய்தபின் ஆப்லெட்வியூவரிடம் அந்த நிரல் கோப்பையே கொடுத்தால் ஓடும். கொடுத்த கோப்பில் அது தேடுவது அந்த டேகை மட்டும்தான், சுற்றி இருப்பது ஹெச்டிஎம்எல்லா ஜாவாவா என்று கவலைப்படாது. ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று கம்ப்யூட்டர் சொன்னால் உங்களிடம் இருப்பது ஜாவா 11 அல்லது அதற்குப் பிந்தையது. அதிலிருந்து இந்தக் கருவியை எடுத்துவிட்டார்கள்.

ஜன்னல் திறந்து, அடியில் ‘ஸ்டார்ட்: ஆப்லெட் நாட் இனிஷியலைஸ்டு’ என்று மட்டும் வருகிறதா? கிளாஸுக்கு முன்னால் ‘பப்ளிக்’ போட மறந்திருக்கலாம். டேகில் எழுதிய பெயரும் கிளாஸின் பெயரும் வேறாக இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் ஆப்லெட் தொடங்கும்போது ஓடும் ‘இனிட்’ பகுதியில் ஏதோ வெடித்திருக்கிறது. கட்டளை ஜன்னலுக்குத் திரும்பிப் பார்த்தால் எந்த வரியில் என்று எழுதியிருக்கும்.

பழைய பிரவுசரைத் தூசு தட்டும் முன்

பேல் மூன் போன்ற சில பிரவுசர்கள் இன்னும் பழைய பிளகின்களை ஏற்கின்றன. ஃபயர்பாக்ஸ் 52இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பைத் தேடி எடுத்துப் போடுகிறவர்களும் உண்டு. அந்தப் பதிப்புக்கு 2018க்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வரவில்லை. அதில் பழைய ஜாவாவையும் மாட்டிக்கொண்டு அதே பிரவுசரில் வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் திறப்பது தேவையில்லாத துணிச்சல். ஜாவாவின் பாதுகாப்பு அளவைக் குறைக்கச் சொல்லும் அறிவுரைகளையும் நான் ஏற்க மாட்டேன். ஒரு தளத்துக்காக எல்லாத் தளத்துக்கும் காவலைத் தளர்த்துவது அது. எக்ஸெப்ஷன் பட்டியல் இருப்பதே அதற்குத்தான்.

நிர்பந்தம் என்றால், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒன்றில் தனியாக ஒரு விண்டோஸை அமைத்து, பழைய பிரவுசரையும் ஜாவா 8ஐயும் அதற்குள் மட்டும் வையுங்கள். அதற்கு வெளி இணைய இணைப்பு வேண்டாம், அந்தக் கருவியோ சர்வரோ இருக்கும் உள் நெட்வொர்க் மட்டும் போதும். எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியதும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, ஜாவாவின் தானியங்கி அப்டேட்டையும் அணைத்துவிடுங்கள். அதோடு அந்தக் கருவியைச் செய்த நிறுவனத்தின் பக்கத்தில் ஃபர்ம்வேர் (கருவியின் உள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) அப்டேட் ஏதாவது இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். பல சர்வர்களுக்கு ஹெச்டிஎம்எல்5 கன்சோல் அப்படித்தான் வந்து சேர்ந்தது.